கீழே கிடக்கும் இறகு எந்த ஆந்தையுடையது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் ஊர்ப் பக்கத்து ஆந்தைகளில் பலவற்றை நாம் காதால் மட்டுமே அறிந்திருப்போம். கோயில் கோபுரத்தில் சீறும் சத்தம் கேட்கும், புளியந்தோப்பிலிருந்து அடித்தொண்டைக் குரல் வரும், பறவை மட்டும் கண்ணில் படாது. அதைத் தேடி டார்ச் அடித்துக்கொண்டு பொந்தருகே போவது பறவைக்குப் பெரிய தொந்தரவு. குஞ்சு இருக்கும் காலத்தில் பெற்றோர் இரை கொண்டுவருவதையே அது கெடுத்துவிடும். மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஓர் இறகை வைத்து அங்கே எந்த ஆந்தை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடிந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆந்தைகளைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

புதியவர்கள் எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். பழுப்பு, வரிவரியாக இருக்கிறது, அதனால் ஆந்தை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பழுப்பு வரி இறகு உள்ள பறவைகள் நம் ஊரில் ஏராளம். நிறத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் இது ஆந்தை இறகுதானா, அடுத்து உடலின் எந்த இடத்து இறகு, பிறகு எவ்வளவு நீளம், அதன் பிறகுதான் நிறமும் வரியும். இந்த வரிசையை மாற்றாமல் போனால் பாதிக் குழப்பம் வராது.

எடுப்பதற்கு முன்

கிடக்கிற இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். மேலே அண்ணாந்து பாருங்கள்: என்ன மரம், பொந்து இருக்கிறதா, கட்டடமா, பாறையா? சுற்றிலும் வெள்ளை எச்சம் வழிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு இறகை ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்து, மேல்புறம் ஒரு படம், அடிப்புறம் ஒரு படம். தேதியையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு பெரிய நிபுணரும் ஒன்றும் சொல்ல முடியாது.

வேலை முடிந்ததும் இறகை அங்கேயே விட்டுவிடுங்கள். ஆந்தைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. மயிலின் தோகை இறகுக்கு அந்தச் சட்டத்தில் தனி விலக்கு உண்டு, ஆந்தை இறகுக்கு அப்படி எதுவும் இல்லை. தானாக உதிர்ந்ததா, பிடித்துப் பறித்ததா என்று ஓர் இறகைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானது. ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கூட்டம் உண்மையிலேயே இருக்கிறது. காட்டுயிர் வியாபாரத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவின் 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் உயிருள்ள பறவை வியாபாரத்தில் காணப்பட்டதாகச் சொல்கிறது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதையும் மறக்க வேண்டாம். செத்த பறவையின் அருகே கிடந்தால் தொடவே வேண்டாம்.

முதல் படி: இது ஆந்தைதானா?

ஆந்தை சத்தமில்லாமல் பறப்பதற்குக் காரணமான மூன்று அமைப்புகளை 1934இல் கிரஹாம் என்ற ஆங்கிலேயர் விளக்கி எழுதினார். இறகை அடையாளம் காணவும் அதே மூன்றும் உதவுகின்றன.

ஒன்று, வெல்வெட் பரப்பு. இறகின் மேல்புறத்தை விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். காக்கை இறகும் பருந்து இறகும் வழவழப்பாக, லேசான பளபளப்போடு இருக்கும். ஆந்தை இறகில் பளபளப்பே இராது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் மேல்நோக்கி நீண்டு நிற்பதால் பரப்பு மெத்தென்று இருக்கும். ஒரு காக்கை இறகை எடுத்து இரண்டையும் மாறி மாறித் தடவிப் பாருங்கள், ஒரே முறையில் கைக்குப் பழகிவிடும்.

இரண்டு, பின்விளிம்புக் குஞ்சம். இறகின் நடுத்தண்டுக்கு ஒரு பக்கம் குறுகிய மடல், மறுபக்கம் அகன்ற மடல். அகன்ற மடலின் ஓரத்தை வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மற்ற பறவைகளில் அந்த ஓரம் வெட்டிவிட்டதுபோல நேராக முடியும். ஆந்தையில் இழைகளின் நுனிகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளாமல் தனித்தனியாகத் தொங்கும்.

மூன்று, முன்விளிம்புச் சீப்பு. குறுகிய மடலின் ஓரத்தில் நுண்ணிய பற்கள் வரிசையாக நிற்கும். எல்லோரும் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். இந்தப் பற்கள் எல்லா இறகிலும் வருவதில்லை. சிறகின் வெளிக்கோடியில், காற்றை நேராக எதிர்கொள்ளும் இறகுகளில் மட்டுமே வரும். வெளிக்கோடி இறகில் விளிம்பு முழுக்க இருக்கும், அதற்கு அடுத்தவற்றில் நுனிப்பகுதியில் கொஞ்சம் இருக்கும், உள்ளே போகப் போக மறைந்துவிடும். ஆகவே சீப்பு இருந்தால் பெரிய சான்று. இல்லாவிட்டால் ஆந்தை இல்லை என்று பொருள் கிடையாது. வால் இறகில் சீப்பைத் தேடிப் பயனே இல்லை.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் புறஊதா டார்ச் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் இறகின் அடிப்புறத்தில் அடித்தால், புதிதாக உதிர்ந்த ஆந்தை இறகு பல சமயம் இளஞ்சிவப்பாக ஒளிரும். போர்ஃபிரின் என்ற நிறமிதான் காரணம். வெயில் பட்டால் இது சிதைந்துவிடும். அதனால் பழைய இறகு ஒளிராமல் போகலாம், ஒளிராததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பக்கி (நைட்ஜார்) என்ற பறவையின் இறகிலும் இந்த நிறமி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, ஆந்தை என்று ஏமாற்றக்கூடிய பறவைகள் எவை? நம் ஊரில் முதலிடம் மயிலுக்குத்தான். ஆண் மயிலின் தோள் பகுதியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் கறுப்பு வரியோடிய இறகுகள் உண்டு. அதைக் கொம்பன் ஆந்தை இறகு என்று நினைக்காத புதியவர் குறைவு. தடவிப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். பெண் குயிலின் இறகு பழுப்பில் வெள்ளைப் புள்ளியும் வரியுமாக இருப்பதால் புள்ளி ஆந்தையோடு குழம்பும். அதிலும் வெல்வெட் இராது, குஞ்சமும் இராது. வல்லூறு, இளம் செம்போத்து, வரிக்கோழி எல்லாமே இதே சோதனையில் விலகிவிடும்.

பக்கி மட்டும் எளிதில் விலகாது. அதுவும் இரவுப் பறவை, அதன் இறகும் மென்மை, நிறமும் காய்ந்த சருகு நிறம். நம் ஊர்ப் பக்கிகள் பலவற்றில், குறிப்பாக ஆண்களில், சிறகின் வெளி இறகுகளில் ஒரே ஒரு தெளிவான வெள்ளைத் திட்டு இருக்கும். அதைக் கண்டால் ஆந்தை இல்லை. அப்புறம், பக்கியின் சிறகு நீண்டு கூர்மையானது. அதனால் வெளி இறகும் ஒல்லியாக, நுனி குறுகி இருக்கும். ஆந்தையின் இறகு அகலமாக, நுனி உருண்டு முடியும்.

இரண்டாம் படி: உடலின் எந்த இடம்?

காம்பின் அடியில் புசுபுசுவென்ற தூவி நிறைய இருந்து, இறகு முழுக்க மெலிதாக வளைந்தால் அது உடல் இறகு. தண்டு உறுதியாக இருந்தால் சிறகு அல்லது வால்.

ஆந்தையின் ஒவ்வொரு சிறகின் நுனிப்பகுதியிலும் 10 முதன்மை இறகுகள் உண்டு. அவற்றில் ஒரு மடல் மிகக் குறுகியும் மறுமடல் அகன்றும் இருக்கும். வெளிப்புறமாகப் போகப் போக இந்த வித்தியாசம் கூடும். அவற்றுக்கு உள்ளே உடலை ஒட்டி இருப்பவை இரண்டாம்நிலை இறகுகள். அவை குட்டையானவை, அகலமானவை, உட்பக்கமாக வளைந்தவை. வால் இறகுகள் 12. அவற்றின் தண்டு ஏறக்குறைய நேராக இருக்கும், நடு இணையில் இரண்டு மடல்களும் சம அகலம்.

எது மேல்புறம் என்று தெரியாவிட்டால் தண்டைப் பாருங்கள். அடிப்புறத்தில் தண்டின் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும், நிறமும் அங்கே வெளிறியிருக்கும். மேல்புறம் உங்களைப் பார்க்கும்படி, காம்பு மேலேயும் நுனி கீழேயும் வருமாறு பிடியுங்கள். குறுகிய மடல் இடது பக்கம் இருந்தால் இடது சிறகு, வலது பக்கம் இருந்தால் வலது சிறகு. இது வெறும் நுணுக்கம் அல்ல. ஒரே சமயத்தில் ஒரே மரத்தடியில் ஒரே பக்கத்து ஒரே இடத்து இறகு இரண்டு கிடைத்தால், அங்கே இருப்பது ஒரு பறவை அல்ல, ஜோடி என்று ஊகிக்க வழி கிடைக்கிறது.

மூன்றாம் படி: அளவு

காம்பு நுனியிலிருந்து இறகு நுனிவரை, மெல்லத் தட்டையாக்கி அளந்தால் போதும். மிக நீண்ட முதன்மை இறகுக்கான தோராயக் கணக்கு இது: சிறிய ஆந்தைகளில் 10 முதல் 13 செ.மீ., கூகையில் 20 செ.மீ.க்குச் சற்று மேல், பொரிப்புள்ளி ஆந்தையில் 25 செ.மீ.யை ஒட்டி, கொம்பன் ஆந்தையிலும் பூமன் ஆந்தையிலும் 30 செ.மீ.யை ஒட்டி. பெண் ஆந்தைகள் பெரும்பாலும் ஆணைவிடப் பெரியவை என்பதால் ஒன்றிரண்டு சென்டிமீட்டரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அதே சமயம் ஒரு பெரிய ஆந்தையின் உள்பக்க இறகு குட்டையாக இருப்பதைப் பார்த்துச் சிறிய ஆந்தை என்று நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு அளவு என்று சொன்னேன். காம்பின் தடிமனும் உதவும்: பெரிய ஆந்தையின் காம்பு குட்டை இறகிலும் தடித்தே இருக்கும்.

நான்காம் படி: இனி நிறம், வரி

மிக எளிதாகத் தெரிவது கூகை. பொன்மஞ்சள் நிறத்தில் சாம்பல் வரிகள் சில, நுனியில் பொடித்தூவல் போன்ற சாம்பல் புள்ளிகள். அடிப்புறத்தைத் திருப்பினால் ஏறக்குறைய வெள்ளை. இந்தப் பொன்னும் வெள்ளையும் சேர்ந்த இறகு நம் சமவெளியில் வேறெந்த ஆந்தைக்கும் இல்லை. முதுகு இறகாக இருந்தால் நுனியில் கறுப்பு சூழ்ந்த ஒரு வெள்ளைச் சொட்டு இருக்கும். பழைய கோயில்கள், பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள், தானியக் கிடங்குகள் ஆகியவற்றின் அருகே கிடைக்கும் 20 செ.மீ. இறகில் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள்.

சிறிய இறகு என்றால் நான்கு பேரை மனத்தில் வையுங்கள். ஊருக்குள் அதிகம் கிடைப்பது புள்ளி ஆந்தை. மண்பழுப்பு நிறம், சிறகு இறகின் குறுகிய மடலில் வெள்ளைப் புள்ளிகள் இடைவெளி விட்டு வரும், அகன்ற மடலில் அவை வெளிர்ப்பட்டைகளாக மாறும். முதுகு இறகில் உருண்டையான வெள்ளைப் புள்ளிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளிலும் தோட்டங்களிலும் இதன் உறவான சிறு காட்டு ஆந்தை இருக்கும். அதன் சிறகு இறகில் புள்ளிக்குப் பதில் செங்கல் நிறமும் அதன் குறுக்கே கரும்பழுப்புப் பட்டைகளும். முதுகு இறகில் நெருக்கமான மெல்லிய வரிகள். புள்ளியா, வரியா என்ற ஒரு கேள்வியே இந்த இரண்டையும் பிரித்துவிடும்.

மூன்றாவது ஸ்காப்ஸ் ஆந்தை, காதுபோல் நீண்ட இறகுக் கொம்பு உள்ள குட்டி ஆந்தை. அதன் உடல் இறகில் கூர்ந்து பார்த்தால் நடுத்தண்டோடு ஒரு கறுப்புக் கீற்று, அதன் இருபக்கமும் பேனா முனையால் கிறுக்கியதுபோன்ற மிக நுண்ணிய கோடுகள். மரப்பட்டையோடு பட்டையாக அது மறைந்து உட்காருவது இந்தக் கோடுகளால்தான். நான்காவது வேட்டை ஆந்தை. இது மற்ற மூன்றைவிடச் சற்றுப் பெரியது. முதுகு இறகு புள்ளி எதுவும் இல்லாத அடர் சாக்லேட் நிறம், மார்பு இறகு வெள்ளையில் செம்பழுப்புத் திட்டு, வாலில் அகலமான கறுப்புப் பட்டைகள்.

நடுத்தர அளவில் பொரிப்புள்ளி ஆந்தை. மாந்தோப்பு, புளியந்தோப்பு, பெரிய ஆலமரம் உள்ள ஊர்களில் இருக்கும். சிறகு இறகு கரும்பழுப்பு, அதில் வெளிர்ப்பட்டைகள். உடல் இறகுதான் அழகு. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் நுண்ணிதாகக் கலந்து, அடிப்பகுதியில் ஆரஞ்சுச் சாயல் தெரியும்.

இப்போது கடினமானது: 30 செ.மீ. நீளத்தில், பழுப்பில் வரியோடிய ஒரு பெரிய இறகு. கொம்பன் ஆந்தையா, பூமன் ஆந்தையா? இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, இரண்டுக்கும் தலையில் கொம்பு, ஓடை ஓரத்துப் பாறைகளில் இரண்டும் இருக்கலாம். உடல் இறகை வைத்து இவற்றைப் பிரிக்கப் புதியவர்கள் முயல வேண்டாம் என்பேன். முதன்மை இறகு கிடைத்தால் மட்டும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, சீப்பு. பூமன் ஆந்தை மீனும் நண்டும் தவளையும் பிடிப்பது. நீருக்குள் இருக்கும் இரைக்குச் சிறகின் சத்தம் கேட்கப்போவதில்லை. இந்த மீனுண்ணும் ஆந்தைகளுக்கு முன்விளிம்புச் சீப்பு கிடையாது, வெல்வெட் பரப்பும் மிகக் குறைவு, பறக்கும்போது சத்தம் கேட்கும். அப்படியானால் முதல் படியில் சொன்ன ஆந்தைச் சோதனையில் இந்த ஆந்தையே தோற்றுப்போகும்! பருந்து இறகு என்று பலர் ஒதுக்கிவிடுவது இதனால்தான். ஆறு, ஏரி, அணை ஓரத்தில் பெரிய மரத்தடியில், வழவழப்பான, அகலமான, நுனி உருண்ட, வெளிர்ப்பட்டைகள் ஓடிய பெரிய பழுப்பு இறகு கிடைத்தால் பூமன் ஆந்தையை நினையுங்கள். இரண்டாவது, முதன்மை இறகின் அடிப்பகுதி. கொம்பன் ஆந்தையில் அது வரியில்லாத செம்மஞ்சள். கறுப்பு வரிகள் நுனிப்பக்கம்தான் தொடங்கும். பூமன் ஆந்தையில் அப்படி ஒரு வெற்றுச் செம்மஞ்சள் பகுதி இல்லை. கொம்பன் ஆந்தை விரும்புவது செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்றுகள், கைவிட்ட கல்குவாரிகள், புதுச்சேரி அருகே உள்ள செம்மண் ஓடைப் பள்ளங்கள் போன்ற இடங்களை.

மலைக்காட்டுக்குள் போனால் பட்டியல் நீளும். பழுப்புக் காட்டு ஆந்தையும் இன்னும் பெரிய ஆந்தைகளும் அங்கே உண்டு. முதலில் சமவெளி ஆந்தைகளில் கை தேறட்டும். இலங்கையில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: புள்ளி ஆந்தை, பொரிப்புள்ளி ஆந்தை, கொம்பன் ஆந்தை மூன்றும் உங்கள் தீவில் இல்லை. பூமன் ஆந்தை குளக்கரைகளில் நன்றாகவே உண்டு. ஆகவே மேலே சொன்ன கடினமான கேள்வி உங்களுக்குப் பெரிதும் எளிதாகிவிடும்.

சுற்றியுள்ள சாட்சிகள்

ஆந்தை இரையை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். இறகோடு இந்த உருண்டையும் கிடைத்தால் குச்சியால் பிரித்துப் பாருங்கள். கூகை உருண்டை கறுத்து, காய்ந்த பிறகும் லேசாகப் பளபளக்கும். உள்ளே எலி மண்டையோடுகள் உடையாமல் கிடைக்கும். புள்ளி ஆந்தையுடையது சிறிது, வண்டுகளின் ஓட்டுத் துண்டுகள் நிறைய இருக்கும். மீன் செதிலும் நண்டு ஓடும் சிதறிக் கிடந்தால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆந்தைகள் பொதுவாகக் குஞ்சு பொரித்து முடித்த பிறகே இறகு உதிர்க்கத் தொடங்கும். பெரிய ஆந்தைகள் எல்லாச் சிறகு இறகையும் ஒரே ஆண்டில் மாற்றுவதில்லை. ஆகவே ஒரே மரத்தடிக்கு மாதம் ஒருமுறை போய்வருவது, பத்து மரத்தடிகளைத் தேடி அலைவதைவிட அதிகம் சொல்லித்தரும்.

ஒப்பிட்டுப் பார்க்க, 2021இல் தொடங்கிய ஃபெதர் லைப்ரரி என்ற இந்திய இணையத் தொகுப்பு இருக்கிறது. நம் நாட்டுப் பறவைகளின் இறகுகளை அளவோடு படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்க, ஐரோப்பிய இறகுத் தளங்களும் நன்றாக இருக்கும். ஆனால் அவற்றில் உள்ள கூகையும் கொம்பன் ஆந்தையின் உறவுகளும் நம்மூர்ப் பறவைகளைவிட அளவில் வேறுபடுவதால், அமைப்பைப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

எல்லாம் பார்த்தும் இனம் தெரியாமல் போவது உண்டு, முக்கியமாக உடல் இறகுகளில். அப்போது ‘சிறிய ஆந்தை, இனம் உறுதியில்லை’ என்று எழுதிவைப்பதே சரியான பதிவு. ஆய்வகத்தில் இதற்கும் வழி இருக்கிறது. 1960இல் பாஸ்டனில் ஒரு பயணிகள் விமானம் பறவைகள் மோதி விழுந்தபோது, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் ராக்ஸி லேபோர்ன் இறகுத் துணுக்குகளை வைத்தே அவை ஸ்டார்லிங் என்ற மைனா வகைப் பறவைகள் என்று கண்டுபிடித்தார். இறகின் அடியிலுள்ள தூவி இழைகளை நுண்ணோக்கியில் பார்த்தால் பறவைக் குடும்பத்துக்குக் குடும்பம் கணுக்களின் வடிவம் மாறும். வீட்டில் நல்ல நுண்ணோக்கி இருப்பவர்கள் காக்கைத் தூவியையும் கோழித் தூவியையும் அருகருகே வைத்துத் தொடங்கலாம்.

கடைசியாக, ஓரிரண்டு இல்லாமல் கொத்தாக இறகு கிடந்தால் காம்புகளைப் பாருங்கள். காம்பு கடித்துத் துண்டாகியிருந்தால் பூனை, நாய், கீரி போன்ற விலங்கு. காம்பு முழுதாக இருந்து அதன் மேல் அலகு பதிந்த வடு இருந்தால் வேறொரு வேட்டைப் பறவை. கத்தியால் வெட்டியதுபோல் தெரிந்தாலோ, நகம், கால், தலை தனியாகக் கிடந்தாலோ, பூசை செய்த தடம் இருந்தாலோ எதையும் நகர்த்தாமல் படம் எடுத்து, அன்றைக்கே உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். இடத்தின் சரியான குறிப்பையும் அளவுகோல் வைத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்தால் விசாரணைக்கு அதுதான் முதல் சான்று.